அக்கரைக் கோயில்: பள்ளிபாளையத்திலிருந்து கூடுதுறை வரை

காவிரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது பள்ளிபாளையம். எதிர்க்கரையில் ஈரோடு. விசைத்தறியின் ஓசையும் காகித ஆலையின் புகைபோக்கியும் ஊரின் அடையாளங்களாகிவிட்ட பின்னர், இதனைப் பழைய யாத்திரை வழியொன்றின் நடுவில் அமைந்த ஊர் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் கொங்கு நாட்டின் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தேவாரத் தலங்களைக் குறித்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. கொங்கில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு: அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருநணா எனும் பவானி, கொடிமாடச் செங்குன்றூர் எனும் திருச்செங்கோடு, பாண்டிக்கொடுமுடி, கருவூர் ஆனிலை, வெஞ்சமாக்கூடல். இவ்வேழில் திருச்செங்கோடு, பவானி, கொடுமுடி ஆகிய மூன்றும் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று மீளக்கூடியவை. முதலாவது மலைக்கோயில், ஏனைய இரண்டும் ஆற்றங்கரைக் கோயில்கள். அந்த இரண்டும் எங்களுக்கு அக்கரையில் இருப்பவை. அவற்றைக் காண வேண்டுமானால் ஆற்றைக் கடந்தாக வேண்டும்.

சென்ற ஆடி மாதத்தில், உடன் பணியாற்றும் நண்பர்கள் சிலரோடு பவானிக்குச் சென்றுவந்தோம். பள்ளிபாளையத்திலிருந்து கிழக்குக் கரையோடு வடக்கே சென்று, குமாரபாளையத்தில் பாலத்தைக் கடந்தால் பவானி. அரைமணி நேரப் பேருந்துப் பயணம். இந்தச் சிறு பயணத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரைக் கோயிலை நாடிச் சென்றவர்களில் யார் எதுவரை போக முடிந்தது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வரலாற்றைப் படிக்க விரும்புகிறோம்.

குளிர்சுரம் கண்ட யாத்திரிகர்கள்

இவ்வழியில் வந்தவர்களாக இலக்கியம் காட்டும் யாத்திரிகர் கூட்டங்களில் பழமையானது திருஞானசம்பந்தருடையது. காலம் ஏழாம் நூற்றாண்டு. ஆயினும் அந்த யாத்திரையை வழிநடையாக விரித்துச் சொன்னவர் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த சேக்கிழார். பெரியபுராணத்தின்படி சம்பந்தர் முதலில் கொடிமாடச் செங்குன்றூரை வணங்கினார். அங்கிருந்து மேற்கே சென்று திருநணாவைப் பணிந்தார். மீண்டும் செங்குன்றூருக்கே திரும்பினார். திருச்செங்கோட்டிலிருந்து பவானிக்குச் சென்று மீள்பவர் காவிரியை இருமுறை கடக்க வேண்டும். இரண்டாம் திருமுறையின் 72ஆம் பதிகம் திருநணாவுக்கு உரியது.

யாத்திரையின் அடுத்த கட்டம்தான் நமக்கு முக்கியமானது. செங்குன்றூருக்குத் திரும்பித் தங்கியிருந்த நாட்களில் பனிக்காலம் வருகிறது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றுகிறது. இந்த நாட்டில் இக்காலத்தில் இந்நோய் வருவது இயல்பு என்று அவர்கள் சம்பந்தரிடம் முறையிடுகிறார்கள். அப்போது பாடப்பட்டதாகச் சேக்கிழார் கூறுவது திருநீலகண்டப் பதிகம். முதல் திருமுறையில் 116ஆவது. நோய் கூட்டத்தை விட்டு மட்டுமன்றி அந்நாட்டை விட்டே நீங்கியதாகப் புராணம் சொல்கிறது.

இதனை அற்புதமாக ஏற்பதும் ஏற்காததும் வாசகரின் விருப்பம். வரலாற்று மாணவர்களாகிய நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஆற்றுச் சமவெளியையும் மலையடிவாரத்தையும் கால்நடையாகக் கடந்து சென்ற யாத்திரிகர்கள் நோயுற்றார்கள் என்பதும், அந்நோய் இந்நிலத்துக்கு உரியது என்ற அறிவு மக்களிடம் இருந்தது என்பதும் ஒரு பக்தி நூலின் வழியே நமக்குக் கிடைக்கின்றன. காய்ச்சலைக் கொசுவோடு இணைத்த ரொனால்டு ராஸின் கண்டுபிடிப்பு 1897ஆம் ஆண்டினது. அதுவரை நீர் நிறைந்த நாடு என்பதும் சுரம் நிறைந்த நாடு என்பதும் ஒன்றாகவே இருந்தன. செங்குன்றூரில் பரவிய சுரம் இன்னதுதான் என்று இன்று பெயரிடுவது ஊகமாகவே முடியும். ஆனால் பவானிக் கோயிலின் உள்ளே சுரத்துக்கென்றே ஒரு தெய்வம் இருப்பதைக் காணும்போது இரண்டையும் சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்று தலையும் மூன்று காலும் கொண்ட சுரஹரேசுவரர் அவர். காய்ச்சல் கண்டவர்களுக்காக அவருக்கு மிளகு ரசம் படைக்கும் வழக்கம் இருக்கிறது. வீட்டில் நோயாளிக்கு எதைக் கொடுப்போமோ அதையே தெய்வத்துக்கும் கொடுக்கிறார்கள். ஆற்றைத் தேடி வந்தவர்கள் ஆற்றங்கரையின் ஆபத்தையும் அறிந்தே வந்தார்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இரண்டு ஆறுகளின் நடுவே

பவானியின் பழம்பெயர் திருநணா. மக்கள் வழக்கில் கூடல், கூடுதுறை. வடக்கிலிருந்து வரும் காவிரியோடு மேற்கிலிருந்து வரும் பவானி ஆறு கலக்கும் முனையில் கோயில் அமைந்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அமுத நதி ஒன்றும் இங்கே வந்து சேர்வதாக ஐதிகம். அதனால் முக்கூடல் என்றும் தென்திரிவேணி என்றும் வழங்குவார்கள். வடக்கு வாயிலில் ஐந்நிலைக் கோபுரம். உள்ளே சங்கமேசுவரர், வேதநாயகி சந்நிதிகள்; இரண்டுக்கும் இடையில் முருகன். அதே வளாகத்தில் ஆதிகேசவப் பெருமாளுக்கும் சௌந்தரவல்லித் தாயாருக்கும் தனிச் சந்நிதிகள். தலமரம் இலந்தை.

இக்கோயிலின் திருப்பணிகளோடு சேர்த்து நினைவுகூரப்படுபவர்கள் தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெட்டி முதலியார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட பாளையத் தலைவர்கள். 1800ஆம் ஆண்டு இறுதியில் இவ்வழியே வந்த ஆங்கிலப் பயணி பிரான்சிசு புக்கானனிடமும் பவானிக் கோயிலைக் கட்டியவர்கள் என்று அவர்கள் பெயரையே ஊரார் சொல்லியிருக்கிறார்கள். 1807இல் வெளிவந்த அவருடைய பயண நூல் யாத்திரிகரின் நூலன்று. கும்பினியார் புதிதாகப் பெற்ற நாட்டில் என்ன விளைகிறது, எவ்வளவு வரி கிடைக்கும் என்று கணக்கெடுக்க வந்தவர் அவர். ஆற்றங்கரையில் அவர் கண்ணில் முதலில் பட்டவை கால்வாயும் வயலும் இடிந்த கோட்டைகளும்தாம். ஐதர் காலத்தில் 3000 வீடுகள் இருந்த ஈரோட்டுப் பேட்டை, திப்புவின் காலத்தில் சுருங்கி, ஜெனரல் மெடோசின் படையெடுப்பில் பாழாகி, மீண்டும் எழத் தொடங்கியிருந்ததை அவர் பதிவு செய்கிறார்.

அவர் வியந்து எழுதிய கால்வாய் காலிங்கராயன் வாய்க்கால். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று மேலே அணை கட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுக்கு வளைந்து வளைந்து செல்லுமாறு வெட்டப்பட்டது அது. ஈரோட்டைத் தொட்டுக் கொடுமுடிப் பக்கம் வரை செல்கிறது. பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வாய்க்கால் வெட்டப்பட்டது என்பது நாட்டார் கதை. கோயில் இருக்கும் அதே முனையில் அணையும் இருப்பது தற்செயல் அன்று. பள்ளத்தில் ஓடும் காவிரியைப் பக்கத்து மேட்டு நிலத்துக்கு ஏற்ற முடியாது. பவானியின் நீரை அது கலந்துவிடும் முன்னரே திருப்பிவிட வேண்டும். தெய்வத்துக்கும் வேளாண்மைக்கும் அந்த முனையே தேவைப்பட்டது. அக்கரையில் நெல்லும் மஞ்சளும் விளைந்த நூற்றாண்டுகளில் எங்கள் கிழக்குக் கரை மேட்டு நிலமாகவே இருந்தது. மேட்டூர் அணையின் கிழக்குக் கரைக் கால்வாய் வந்த பிறகே இக்கரைக்குப் பாசனம் கிடைத்தது. கொங்கு நாட்டார் ஆற்றின்மீது கொண்ட பக்தியை இந்த வறட்சியோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஆறு வாசலில் ஓடியும் வயலுக்கு வராத நாட்டில், ஆற்று நீர் குடத்தில்தான் ஊருக்குள் வந்தது. இன்றும் ஊர்த் தெய்வங்களின் திருவிழா தீர்த்தக் குடத்தோடுதான் தொடங்குகிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் நீர் முகந்து, காவடியாகக் கட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் கூட்டத்தை ஆண்டுதோறும் காணலாம். சோழ நாட்டில் ஆறு வயலுக்குப் போகிறது. கொங்கு நாட்டில் மனிதன் ஆற்றுக்குப் போகிறான்.

ஆறு எல்லையான ஏழு ஆண்டுகள்

ஆற்றைக் கடப்பது ஒரு காலத்தில் அரசை விட்டு அரசுக்குள் செல்வதாகவும் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலம் நாட்டையும் கும்பினியிடம் ஒப்படைத்தார். சங்ககிரியும் திருச்செங்கோடும் அதில் அடங்கும். காவிரிக்கு மேற்கே இருந்த கோயம்புத்தூர் நாடு திப்புவிடமே இருந்தது; 1799இல் அவர் வீழ்ந்த பிறகே கும்பினி வசமாயிற்று. ஆக, அந்த ஏழு ஆண்டுகள் பள்ளிபாளையம் ஓர் அரசிலும் எதிர்க்கரையிலுள்ள ஈரோடும் பவானியும் மற்றோர் அரசிலும் இருந்தன. ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் முழுக நினைத்தவர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பரிசல் ஏறினார்.

1799க்குப் பின் கோயம்புத்தூர் நாடு முதலில் பவானி, தாராபுரம் என இரண்டு தலைமையிடங்களைக் கொண்டு ஆளப்பட்டது. 1804இல்தான் இரண்டும் இணைக்கப்பட்டுக் கோயம்புத்தூர் தலைநகராயிற்று. பவானியில் ஓர் ஆங்கிலக் கலெக்டர் வந்து தங்கியிருந்ததன் காரணம் இதுவே. அவர் பெயர் வில்லியம் காரோ.

மதிலில் மூன்று துளைகள்

காரோவைப் பற்றிய கதை பவானி மக்கள் அனைவரும் அறிந்தது. வேதநாயகி அம்மனின் சிறப்பைக் கேள்வியுற்ற அவர் அம்மனைத் தரிசிக்க விரும்பினாராம். வேற்று மதத்தவர் கோயிலுக்குள் நுழைதல் கூடாது. ஆகவே அம்மன் சந்நிதிக்கு நேராக மதிலில் மூன்று துளைகள் இடப்பட்டன. வெளியே நின்றபடி அவர் நாள்தோறும் அம்மனைக் கண்டுவந்தார். ஒரு நாள் இரவு பெருமழை. மாளிகையில் உறங்கிக்கொண்டிருந்தவரை ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே அழைத்துச் சென்றாள். அவர் வெளியேறிய மறுகணமே மாளிகை இடிந்து விழுந்தது. சிறுமி மறைந்துவிட்டாள். வந்தவள் வேதநாயகியே என்று உணர்ந்த காரோ அம்மனுக்குத் தந்தக் கட்டில் ஒன்றைச் செய்தளித்தார். அவருடைய கையொப்பமும் 11-1-1804 என்ற நாளும் பொறித்த அந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது. மதில் துளைகளையும் காட்டுகிறார்கள்.

கட்டில் வரலாறு, கதை நம்பிக்கை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றாமல் தனித்தனியே பார்ப்பதே முறை. இதே கதை மதுரையிலும் வழங்குவதை வாசகர்கள் அறிவார்கள். அங்கே கலெக்டராக இருந்த ரூஸ் பீட்டரையும் மழை இரவொன்றில் ஒரு சிறுமி வெளியே அழைத்துச் செல்கிறாள்; அவருடைய மாளிகை இடி விழுந்து எரிகிறது; மீனாட்சியம்மனுக்கு அவர் அளித்த பொன் அங்கவடி இன்றும் இருக்கிறது. மதுராந்தகத்தில் கலெக்டர் லயோனல் பிளேசுக்காக இராமனே ஏரிக்கரையில் காவல் நின்றதாகச் சொல்வார்கள். மூன்றும் கும்பினியாட்சியின் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. கலெக்டர் என்ற புதிய ஆள் ஊருக்கு வந்து, வரியை நிர்ணயித்து, கோயில் மானியங்களின் மீதும் அதிகாரம் பெற்ற காலம் அது. அந்த ஆளைத் தெய்வத்துக்குக் கடன்பட்டவனாக ஆக்குகிறது கதை. ஆட்சி அவனுடையது, உயிர் அம்மன் போட்ட பிச்சை. தோற்ற ஊர், வென்றவனைத் தன் கணக்கேட்டில் கடனாளி என்று எழுதி வைத்துக்கொள்ளும் முறை இது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டுகளில் அதே ஆற்றங்கரையில் நடந்த வேறு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டிலில் நாள் பொறிக்கப்பட்டு ஓராண்டு ஆறு மாதங்களுக்குப் பின், 1805ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், கும்பினியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். கொங்கு நாட்டார் அதனை ஆடிப் பதினெட்டாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்குப் புதுப்புனல் வரும் நாளும் தங்கள் வீரன் இறந்த நாளும் ஒன்றாகிவிட்டன. காரோவின் பிற்காலம் புகழோடு முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய நிர்வாகத்தின் கீழ் கோயம்புத்தூர்க் கருவூலத்தைக் கவனித்த காசிச் செட்டியின் முறைகேடுகளைத் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரித்தது கும்பினி நிர்வாக வரலாற்றில் பேசப்பட்ட வழக்கு. கோயிலின் நினைவில் பக்தர். கும்பினியின் கோப்புகளில் கருவூலத்தைக் காக்கத் தவறிய அதிகாரி. இரண்டும் ஒரே மனிதர்.

ஆனால் எங்களை நெடுநேரம் நிற்க வைத்தவை அந்தத் துளைகள். மாவட்டத்தையே ஆண்டவர் மதிலுக்கு வெளியே நிற்கிறார். அவருக்காக மதிலைத் துளைக்க முடிந்தது. அதே காலத்தில், அதே மதிலுக்கு வெளியே, அவரைவிட அதிக தொலைவில் நிறுத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களும் இந்த அம்மனின் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டவர்களே. அவர்களுக்காக எவரும் மதிலில் துளையிடவில்லை. அயலவனுக்கு மதம் தடையாக இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூரானுக்குச் சாதி தடையாக இருந்தது. அதற்கு வழிகாண ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

கதவு திறந்த வரலாறு

அந்த ஒன்றரை நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எதிர்க்கரை ஈரோட்டுக்குத் தனி இடம் உண்டு. 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்துக்கு ஈரோட்டிலிருந்து சென்றார் பெரியார். அங்கே கேட்கப்பட்டது கருவறை அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை. 1929இல் ஈரோட்டு ஈசுவரன் கோயிலுக்குள் சுயமரியாதை இயக்கத்தினர் ஆதிதிராவிடத் தோழர்களோடு நுழைந்தார்கள். அதற்காக வழக்குகளைச் சந்தித்தார்கள். கடவுளை நம்பாத இயக்கத்தார் கோயில் நுழைவுக்காகப் போராடியதில் முரண்பாடு இல்லை. ஒருவர் உள்ளே சென்று வணங்குகிறாரா என்பது அவரவர் விருப்பம். செல்ல முடியுமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். அதே ஆண்டு ஒரு சட்டமும் 1947இல் முழுமையான கோயில் நுழைவு அதிகாரச் சட்டமும் வந்தன. பவானியின் வடக்குக் கோபுர வாயிலில் இன்று எவரையும் சாதி கேட்டு நிறுத்த முடியாது என்றால், அதற்கு அச்சட்டமே ஆதாரம்.

கோயிலின் கதவு மூடியிருந்த காலத்திலும் ஆறு ஓரளவு திறந்தே இருந்தது. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. படித்துறைகளிலும் சாதி இருந்தது. மேல் துறை சிலருக்கு, கீழ்த் துறை சிலருக்கு என்ற பகுப்பு இருந்தது. குளத்தையும் கிணற்றையும் முற்றாக மறித்தவர்களால் ஓடும் ஆற்றை முற்றாக மறிக்க முடியவில்லை, அவ்வளவே. கோபுரத்தைத் தொலைவில் நின்று கும்பிட்டவரும் கொஞ்சம் கீழே இறங்கி அதே நீரில் முழுக முடிந்தது. சந்நிதியில் கிடைக்காத சமத்துவத்தின் ஒரு கீற்று நீரில் கிடைத்தது. ஆற்றங்கரைக் கோயிலுக்கு ஏனைய கோயில்களுக்கு இல்லாத ஈர்ப்பு அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

ஆற்றுக்கு வந்த கதவு

கோயிலின் கதவு திறந்த அதே நூற்றாண்டில்தான் ஆற்றுக்குக் கதவு வந்தது. மேட்டூர் அணையின் பணி 1925இல் தொடங்கி, 1934 ஆகஸ்டு 21இல் அணை திறக்கப்பட்டது. 1924இன் பெருவெள்ளத்தை அப்போது பலரும் மறந்திருக்கவில்லை. பவானி ஆற்றின் மீது பவானிசாகர் அணை 1948க்கும் 1955க்கும் இடையில் கட்டப்பட்டது. அதன்பின் கூடுதுறையில் கலக்கும் இரண்டு ஆறுகளுமே மதகு வழியாக வருபவை. ஆடிப்பெருக்கு என்பது மேற்கு மலையில் மழை பெய்த செய்தியை ஆறு தானே கொண்டுவந்து சொன்ன நாள். இப்போது அந்நாளில் படித்துறைக்குத் தண்ணீர் வருமா என்பதை அணையின் நீர்மட்டம் சொல்கிறது.

அணைகளின் நன்மையை மறுப்பவர்கள் அல்லோம். எங்கள் கிழக்குக் கரையின் பசுமை மேட்டூர் தந்தது. அதற்கடுத்து வந்தவை கதவணைகள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை, சமயசங்கிலி, வெண்டிபாளையம் என்று மேட்டூருக்குக் கீழே காவிரியில் நீர்மின் நிலையங்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின்திறன் கொண்டது. இவற்றால் காவிரி இப்பகுதியில் ஓடும் ஆறு என்ற நிலையிலிருந்து படிப்படியாகத் தேங்கி நிற்கும் ஏரிகளின் வரிசையாக மாறியிருக்கிறது. பள்ளிபாளையம் பாலத்திலிருந்து பார்ப்பவர்க்கு ஆண்டின் பெரும்பகுதியும் கரை தொட்டு நீர் நிற்பது தெரியும், அழகாகவே இருக்கும். கோடையில் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டால் ஆற்றின் மேல் நடந்தே அக்கரைக்குச் சென்றுவிடலாம் போன்ற தோற்றம் உண்டாகும்.

ஓடும் நீர் தன்னைத் தானே ஓரளவு கழுவிக்கொள்ளும். நிற்கும் நீர் வந்ததையெல்லாம் வைத்துக்கொள்ளும். இவ்வட்டாரத்தின் பிழைப்பு நெசவு. பவானிக்குச் சமக்காளம், குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் விசைத்தறி. நூல் என்றால் சாயம் உண்டு. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று 1989இலேயே தமிழக அரசு ஆணையிட்டது. ஆயினும் அனுமதி பெறாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடித்தகற்றினார்கள் என்ற செய்தி இவ்விரு ஊர்களிலிருந்தும் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. அவற்றில் வேலை செய்பவர்களும் எங்கள் மாணவர்களின் பெற்றோர்கள்தாம் என்பதால், குற்றம் சாட்டுவது எளிதாக இல்லை. தனிப் பட்டறைக்காரர் ஒருவரால் கட்ட முடியாத சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டச் சொல்லிவிட்டு, கட்டாதபோது இடிப்பதால் மட்டும் ஆறு தெளியாது. அக்கரையில் நொய்யல் இதற்கு முந்தைய பாடம். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் பாழாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. நொய்யல் வந்து சேருவதும் கொடுமுடிக்கு அப்பால் இதே காவிரியில்தான்.

பெருவெள்ளக் காலத்தில் காட்சி வேறு. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கனஅடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டபோது, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கரையோரக் குடியிருப்புகளில் நீர் புகுந்தது. கூடுதுறையில் நீராடத் தடை விதிக்கப்பட்டது. ஆற்றை ஒட்டித் தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், பழைய வரலாறு முழுவதும் முடிந்துவிடவில்லை என்பது விளங்கும்.

நாங்கள் சென்ற நாளில் கூடுதுறையில் நல்ல கூட்டம். பரிகாரம் செய்ய வந்தவர்கள், முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்க வந்தவர்கள், கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகளில் வந்தவர்கள் என எல்லோரும் இருந்தார்கள். பலர் ஆற்றில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு, கரையிலிருந்த குழாயடியில் குளித்தார்கள். தலையில் மூன்று சொட்டு ஆற்றுநீரைத் தெளித்துக்கொண்டதோடு சிலருக்கு நீராடல் முடிந்தது. நீரில் இறங்கத் தயங்கிய குழந்தைக்கு, கண்ணை மூடிக் கும்பிட்டால் போதும் என்று ஒரு தாய் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் எவரையும் குறை கூற இயலாது. அந்த நீரை முகர்ந்து பார்த்தவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

கோயிலுக்குள் எல்லோரும் சென்றார்கள். சந்நிதியின் முன் வரிசையில் யார் எவர் என்று கேட்பாரில்லை. 1804இல் கலெக்டருக்கும் கிட்டாத இடம் இன்று கூலிவேலை செய்பவருக்குக் கிட்டுகிறது. இது எளிதில் வந்ததன்று; இதற்காக அடிபட்டவர்களும் சிறை சென்றவர்களும் உண்டு. ஆனால் கோயிலின் கதவு திறக்கப்படாத நாளிலும் எல்லோருக்கும் திறந்திருந்த ஆற்றில் இன்று இறங்க முடியவில்லை. காரோ மதிலுக்கு வெளியே நின்று அம்மனைப் பார்த்ததுபோல, நாம் கரையில் நின்று காவிரியைப் பார்க்கிறோம். அவருக்காவது நம்பிக்கை குறித்த ஒரு விதி தடையாக இருந்தது. நமக்கு முன்னால் இருக்கும் தடை நாமே கொண்டுவந்து கொட்டியது.

கோயில் கதவைத் திறக்கச் சட்டம் வேண்டியிருந்தது. சட்டத்துக்கு முன்னால் அதைக் கேட்பதற்கு மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். ஆற்றுக்குச் சட்டம் முன்பே இருக்கிறது, கேட்பவர்கள்தாம் போதவில்லை. கேட்க வேண்டியவர்கள் யாத்திரிகர்களே என்று நினைக்கிறோம். ஏனெனில் இந்த ஆற்று நீர் இன்னதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அதனிடம் வருபவர்கள் அவர்கள் மட்டும்தான். பங்குனியில் கொடுமுடியிலிருந்து பழனிக்குக் குடம் சுமந்து நடப்பவர், தான் சுமப்பது என்ன நீர் என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் கேள்வி மேட்டூர் வரைக்கும் போய்ச் சேரும்.